சும்மா அந்த வளைவு வரைக்கும்

மலையில் வீடு என்றதும் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பெரிய சிகரம் எதிலாவது ஏறியிருக்கிறீர்களா?" என்பதுதான். இல்லை. ஒன்பது வருடமாக 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறேன்; கயிறு கட்டி ஏறும் வேலை எதுவும் செய்ததில்லை. ஆனால் எனக்கு நேர்ந்த விபரீதங்கள் அத்தனையும் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள்தான் நேர்ந்தன. அதுவும், "சும்மா அந்த வளைவு வரைக்கும் போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய நாட்களில். சிகரத்துக்குப் போகிறவர் ஒரு வாரம் யோசித்துப் பை கட்டுவார். சும்மா போகிறவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

முதல் வருடம் அப்படித்தான் கிளம்பினேன். மாலை மூன்றரை மணி. காலில் ரப்பர் செருப்பு, கையில் போன், அதிலும் பாதி கூட சார்ஜ் இல்லை. வளைவில் நின்று பார்த்தால் கீழே ஒரு ஒற்றையடிப் பாதை பிரிந்து இறங்கியது. அது சுற்றிக்கொண்டு போய் நம் வீட்டுக்குப் பின்னால் ஏறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாரும் சொல்லவில்லை. அங்கிருந்து வீட்டுக் கூரை தெரிந்தது, அவ்வளவுதான் ஆதாரம்.

இருபது நிமிடம் வரை பாதை பாதையாக இருந்தது. அப்புறம் மெல்லக் கரைந்தது. மனிதர் நடந்த தடத்துக்கும் விலங்கு நடந்த தடத்துக்கும் அன்றைக்கு எனக்கு வித்தியாசம் தெரியாது. தரையைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது தரையை அல்ல. மனிதர் புழங்கும் பாதையில் மார்பு உயரத்துக் கிளைகள் ஒடிந்திருக்கும், அல்லது வெட்டுப்பட்டிருக்கும். தரை நன்றாக மிதிபட்டிருந்தும் கிளைகள் முகத்தில் அடிக்கின்றன என்றால், நீங்கள் ஏதோ ஒரு காட்டுப்பன்றியின் சொந்தப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு நம் வீடு எங்கே இருக்கிறது என்ற அக்கறை கிடையாது.

நாலேகாலுக்கு வெயில் போனது. நாட்காட்டியில் போட்டிருக்கும் அஸ்தமன நேரம் சமவெளிக்காரர்களுக்கு. மேற்கே ஒரு முகடு நின்றால் நமக்குப் பொழுது அந்த முகட்டில் சாய்ந்துவிடும். வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும், ஆனால் வெயில் நகர்ந்த அந்த நிமிடமே குளிர் தோளில் உட்காரும். இப்போதெல்லாம் கிளம்பும் முன் கையை நேராக நீட்டி, விரல்களைப் படுக்கையாக வைத்து, முகட்டுக்கும் சூரியனுக்கும் நடுவில் எத்தனை விரல் இடம் இருக்கிறது என்று பார்க்கிறேன். ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம், நான்கு விரலுக்கு ஒரு மணி நேரம். தோராயக் கணக்குதான், ஆனால் என் ஆசையை விட நம்பகமானது.

அன்றைக்கு வெயிலுக்குப் பின்னாலேயே மூடுபனியும் வந்தது. கூரை மறைந்தது. பயந்தவர்கள் எல்லோரும் செய்கிற தவறை நானும் செய்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது, ஓடை கீழே போகும், கீழே ஊர் இருக்கும் என்று அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஓடைக்கு ஊர் முக்கியமில்லை, கீழே போவதுதான் முக்கியம். எங்கே செங்குத்தோ அங்கே அது குதித்துவிடும், நாம் பாறை விளிம்பில் நிற்போம். நல்லவேளை, சத்தம் மாறியது காதில் விழுந்தது. அதுவரை சலசலவென்று இருந்தது, திடீரென்று அடியில் எங்கேயோ ஆழத்தில் 'ஹோ' என்றது. நின்றுவிட்டேன். பனி விலகாததால் அந்த விளிம்பு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று பார்க்க முடியவில்லை. பிறகு ஒரு கோடைக்காலத்தில் போய்ப் பார்த்தேன். பதினைந்து அடி.

திரும்பி ஏறினேன். தெரியாத இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போவதை விட, கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புவது என்ற முடிவுக்கு வர எனக்கு இத்தனை நேரம் பிடித்தது. ஏறுவது வலிக்கும், கௌரவத்துக்கும் வலிக்கும். பாசி பிடித்த கல்லில் செருப்பு நிற்காததால் அதைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு நாலு காலில் ஏறினேன். வளைவுக்கு வந்தபோது மணி ஏழரை. அங்கே ஒரு டார்ச் வெளிச்சம். பக்கத்து வீட்டுப் பெரியவர், எங்கள் வீட்டில் விளக்கு எரியவில்லையே என்று தேடி வந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டார்ச்சை என் காலில் அடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, செருப்போடயா போனே?" என்றார். அவ்வளவுதான். வீடு வரை வேறு ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு சின்னப் பை தொங்குகிறது. வளைவு வரை என்றாலும் பை வரும். நெற்றியில் கட்டும் டார்ச் (போன் டார்ச் ஒரு கையைத் தின்றுவிடும், இறக்கத்தில் இரண்டு கையும் வேண்டும்), மழைச் சட்டை, பாலிதீன் உறையில் சுற்றிய ஒரு கம்பளிச் சட்டை, தண்ணீர், ஏதாவது ஒரு இனிப்பு, ஒரு விசில். கம்பளிதான், பருத்தி இல்லை. நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் காற்றை விடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கடும் குளிர் தேவையே இல்லை, பத்துப் பன்னிரண்டு டிகிரியில் ஒரு மழையும் காற்றும் சேர்ந்தால் பல் கிட்டும். விசில் எதற்கு என்று சிரித்தவர்கள் உண்டு. கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை போய்விடும், விசில் போகாது. மலைகளில் பல நாடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊத வேண்டும், ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும், மறுபடி ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் சொல்வார்.

ஆனால் பையை விட முக்கியமானது வாசலில் மாட்டியிருக்கும் சிலேட்டு. எந்தப் பக்கம், எத்தனை மணிக்குள் என்று இரண்டு விஷயம் எழுதிவிட்டுப் போகிறேன். பெரியவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கண் பார்த்துவிட்டுப் போவார். பொய் எழுத முடியாது. எழுதிவிட்டு, பாதி வழியில் மனசு மாறி வேறு பாதையில் திரும்பவும் முடியாது. அதுதான் அதன் பெரிய உபகாரம்.

எத்தனை மணிக்குள் என்று எழுத ஒரு கணக்கு வேண்டுமே. 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒன்று சொல்லியிருக்கிறார். மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய இப்படி: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேடு மூன்று கிலோமீட்டர் தூரம், 450 மீட்டர் ஏற்றம். அவர் கணக்கில் 36 நிமிடமும் 45 நிமிடமும் சேர்த்து ஒரு மணி 21 நிமிடம். எனக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. நெய்ஸ்மித் வழியில் பூவைப் பார்க்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, ஷூ கயிறு கட்டவில்லை என்று தெரிகிறது. அவர் கணக்கை எடுத்து அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டால் எனக்குச் சரியாக வருகிறது. உங்கள் எண் என்ன என்பதை நாலு நடையில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இறக்கத்துக்கு நேரமே ஆகாது என்று நினைப்பது இன்னொரு ஏமாற்று. ஒன்பது வருடத்தில் நான் ஏழு முறை விழுந்திருக்கிறேன், ஏழும் இறக்கத்தில், ஐந்து வீடு கண்ணுக்குத் தெரிந்த பிறகு. ஏறும்போது நெஞ்சு கஷ்டப்படும், ஆனால் கால் எச்சரிக்கையாக இருக்கும். இறங்கும்போது மனசு ஏற்கெனவே வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். இப்போது முழங்காலை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக வைத்து, ஈரமான மரவேரை மிதிக்காமல் தாண்டி வருகிறேன். ஈரக் கல்லை விட ஈர வேர் மோசம். கல்லாவது சொரசொரப்பாக இருக்கும்.

அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரக்காட்டுப் பாதை என்றால் அது உண்டு. பயத்தில் பாதி அருவருப்புதான். பிய்த்து இழுக்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். மெல்லிய முனைதான் வாய். அதன் அடியில் நகத்தை நுழைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது உள்ளே செலுத்திவிடுவதால், காயத்தின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் ரத்தம் வடிந்துகொண்டிருக்கும். கழுவி, துணியை வைத்து அழுத்திக் கட்டினால் போதும். முதல் முறை என் சாக்ஸைப் பார்த்துவிட்டு எனக்கே மயக்கம் வந்தது. இப்போது பேச்சை நிறுத்தாமலே எடுத்துப் போடுகிறேன்.

மலையில் குளிர் எங்கே உட்காரும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். மேலே போகப் போகக் குளிரும், 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் தோட்டத்தின் கீழ்த்தட்டில், வீட்டிலிருந்து பதினைந்து மீட்டர் கீழே, நாற்றுகளை நட்டேன். அங்கே கதகதப்பாக இருக்கும் என்று. ஒரே இரவில் எல்லாம் உறைபனியில் கருகிப் போயின. மேலே வாசலில் இருந்த தொட்டிச் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "குளிரும் தண்ணி மாதிரிதாம்மா, பள்ளத்துக்குத்தான் போகும்" என்றார். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை சூட்டை இழக்கும். அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்து, சரிவு வழியே வழிந்து பள்ளத்தில் தேங்கும். காலையில் பள்ளத்தாக்கு நிறையப் பால் ஊற்றியது போல் பனி நிற்பதும், நாம் மேலே வெயிலில் நிற்பதும் இதனால்தான். கூடாரம் போடுகிறவர்கள் ஓடைக்குப் பக்கத்தில், ஆக அடியில் போடுவார்கள், அழகாக இருக்கிறது என்று. கொஞ்சம் மேலே ஏறிச் சரிவில் ஒரு சின்னத் திட்டு பார்த்துப் போட்டால் இரவு தூங்கலாம். ஓடை பெருகினாலும் பயமில்லை.

பெரியவர் வீட்டு அடுப்புப் புகையைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். இரவில் புகை சரிவோடு இறங்கி ஓடும். காலையில் வெயில் பட்டுக் கொஞ்ச நேரமானதும் திசை மாறி, சரிவோடு மேலே ஏற ஆரம்பிக்கும். வெயில் சரிவைச் சூடாக்க, காற்று மேலே ஏறுகிறது. ஏறும் காற்று குளிர்ந்து, பதினொரு மணிக்கு முகட்டின் மேல் ஒரு பஞ்சு, ஒரு மணிக்கு ஒரு மூட்டை, மூன்று மணிக்கு இடி. மலையில் காலையிலேயே கிளம்பு என்று சொல்வதற்கு ஒழுக்கம் காரணமில்லை, இந்தப் புகைதான் காரணம்.

அந்த மூன்று மணி இடியில் ஒரு முறை முகட்டிலேயே மாட்டிக்கொண்டேன். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணினால் மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முதலில் எண்ணியது 21. ஏழு கிலோமீட்டர் தள்ளி என்று நிம்மதியாக இருந்தேன். அது தப்பு. 30 வினாடிக்குள் சத்தம் கேட்டாலே அடுத்தது நம் தலைக்கு வரலாம் என்று அர்த்தம். அடுத்து எண்ணியது ஒன்பது. ஓடி இறங்கி, பிதுங்கி நின்ற ஒரு பாறைக்கு அடியில் புகுந்துகொண்டேன். சாமர்த்தியமாகச் செய்துவிட்டதாகப் பல மாதம் சொல்லித் திரிந்தேன். ஆழமில்லாத பாறைக்குடைவு மின்னலுக்கு மிக மோசமான இடங்களில் ஒன்று, பாறையில் இறங்கும் மின்சாரம் மேல் விளிம்பிலிருந்து தரைக்கு இடையில் இருப்பவர் வழியாகத் தாவிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. நனைந்தாலும் பரவாயில்லை, முகட்டை விட்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவு கீழே இறங்கிவிட வேண்டும். தனி மரத்தடி வேண்டாம். கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை திரும்பவும் மேலே ஏறக் கூடாது.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் ஏன்தான் அங்கே இருக்கிறாய் என்று கேட்கத் தோன்றும். ஒரு காலையைச் சொல்கிறேன். மகளோடு முகட்டில் நின்றிருந்தேன். முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த வெயில், முன்னால் பள்ளத்தாக்கு நிறையப் பனி. பனியின் மேல் எங்கள் நிழல் ராட்சத உருவத்தில் விழுந்தது, என் நிழலின் தலையைச் சுற்றி வானவில் போல வட்டம் வட்டமாக நிறம். "அம்மா, என் தலையில மட்டும் கிரீடம் இருக்கு, உனக்கு இல்லை" என்றாள். எனக்கோ என் தலையில் மட்டும்தான் தெரிந்தது. அப்படித்தான் தெரியும்: ஒவ்வொருவர் கண்ணுக்கும் தன் தலையைச் சுற்றி மட்டுமே அந்த ஒளிவட்டம். அரை மணி நேரம் சண்டை போட்டோம். 1894-இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சி ஆய்வு நிலையத்தில் சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் இதே மாதிரி ஒளிவட்டங்களைப் பார்த்து மயங்கி, ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக மேகம் உண்டாக்கப் பார்த்தார். அதுவே அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறையாக வளர்ந்து, 1927-இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. எங்களுக்கு அந்தக் காலை ஜலதோஷம் வாங்கித் தந்தது. கம்பளிச் சட்டை பையில் இருந்தது. எடுத்துப் போடத்தான் மறந்துவிட்டோம்.

உயரத்தின் வேடிக்கைகள் வீட்டுக்குள்ளும் உண்டு. கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் இங்கே சுமார் 80 சதவீதம்தான். கீழேயிருந்து வாங்கி வந்த பொட்டலம் எல்லாம் உப்பிக்கொண்டு நிற்கும். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொதிக்கிறதே என்று நம்பினால் எதுவும் வேகாது. 1835-இல் ஆண்டீஸ் மலைத்தொடரைக் கடந்தபோது சார்லஸ் டார்வினும் இதைக் கண்டார். இரவெல்லாம் கொதித்த பிறகும் உருளைக்கிழங்கு கல்லாகவே இருந்தது. கூட வந்தவர்கள் பானையின் மேல் பழியைப் போட்டார்கள். நானும் முதல் மாதம் பாத்திரக்காரரைத்தான் திட்டினேன். பிரஷர் குக்கர் வந்ததும் சமாதானம்.

இதே காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் காட்டும் கடிகாரம் வேலை செய்கிறது. 1648-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி அவருடைய மைத்துனர் பெரியே, பிரான்சில் புய் த டோம் என்ற மலை மேல் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, மேலே போகப் போகப் பாதரசம் இறங்குவதைக் காட்டினார். என் கையில் இருப்பது அதன் பேரப்பிள்ளை. அழுத்தம் குறைந்தால் உயரம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். மேசையில் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கினால், சில நாள் காலையில் வீடு நாற்பது மீட்டர் ஏறியிருக்கும். வீடு ஏறவில்லை, அழுத்தம் நாலு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) விழுந்திருக்கிறது. எங்கள் உயரத்தில் ஒன்றுக்குச் சுமார் பத்து மீட்டர். அப்படி விழுந்தால் பெரும்பாலும் மழை வந்துகொண்டிருக்கிறது. ஒரே ஒரு ஜாக்கிரதை: வானிலை நன்றாக இருக்கும் நாளிலும் அழுத்தம் தானாகவே தினம் இரண்டு முறை ஏறி இறங்கும், காலை பத்து மணி வாக்கில் உச்சி, மாலை நாலு மணி வாக்கில் அடி. அதனால் ஒரு நாள் காலை ஏழு மணியை அடுத்த நாள் காலை ஏழு மணியோடுதான் ஒப்பிட வேண்டும். இது தெரியாமல் ஆரம்பத்தில் தினமும் மதியம் புயல் வருகிறது என்று பெரியவரிடம் ஓடினேன். அவர் கடிகாரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சாவி கொடுக்கணுமா?" என்று கேட்டார்.

இன்று காலை ஏழு மணிக்குப் பார்த்தேன். நேற்றை விட வீடு முப்பத்தைந்து மீட்டர் மேலே நிற்கிறது. வெயில் பளீரென்று அடிக்கிறது, பெரியவர் வீட்டுப் புகை நேராக நிற்கிறது. சிலேட்டில் எழுதியதை அழித்துவிட்டேன். கொடியில் துணி கிடக்கிறது, போய் எடுக்க வேண்டும்.